படத்தில் தெரியாத வலி: பிசியோதெரபி மாணவர்களுக்கு முதல் பாடம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்குப் போகும் பிசியோதெரபி மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியத்தைப் பல முறை கேட்டுவிடுவார்: "எலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க." சொல்பவர் பெரும்பாலும் பல வருடமாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணாக இருப்பார். இல்லையென்றால் கேரட் மூட்டை தூக்கும் தொழிலாளி. பையிலிருந்து எக்ஸ்ரே படத்தையும் எடுத்து நீட்டுவார். படத்தில் தேய்மானம் இருப்பது உண்மை. அவருக்கு வலிப்பதும் உண்மை. தேய்மானத்தால்தான் வலிக்கிறது என்பதை மட்டும் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

முதுகு வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளைத் தொகுத்து, 3,110 பேரின் முடிவுகளை 2015-ல் வெளியிட்டார்கள். வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடியும் நினைவில் வையுங்கள். ஆகவே 50 வயது அம்மாவின் படத்தில் "எல்4-எல்5 டிஸ்க் தேய்மானம்" (இடுப்பின் 4, 5-ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவே) என்று எழுதியிருந்தால், அதிலிருந்து நமக்கு அவருடைய வயது தெரிகிறது. வலியின் காரணம் தெரிவதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களில் பெரும்பகுதியினர் வலி மருந்து வேண்டாம் என்று சொன்னதை 1946-ல் பதிவு செய்தார். உடல் கிழிந்திருந்தும் வலி குறைவு. போர்முனையிலிருந்து உயிரோடு தப்பிவிட்டோம் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை.

வலி என்றால் என்ன?

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-ல் தந்த வரையறையை 2020-ல் திருத்தியது. அதன் சாரம் இது: உடல் திசு சேதமடைந்தபோதோ, சேதமடையக்கூடும் என்ற நிலையிலோ ஏற்படுகிற, அல்லது அப்படி ஏற்படுவதைப் போலவே இருக்கிற, விரும்பத்தகாத உணர்வும் மனப்பாதிப்பும் கலந்த அனுபவமே வலி. "அதைப் போலவே இருக்கிற" என்ற பகுதி 2020-ல் சேர்ந்தது. சேதம் கண்ணுக்குத் தெரியாத வலிக்கும் இந்த வரையறைக்குள் இடம் உண்டு. கூடவே தரப்பட்ட குறிப்புகளில் இரண்டை மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும். ஒன்று, வலியும் நோசிசெப்ஷனும் ஒன்றல்ல. நோசிசெப்ஷன் என்பது ஆபத்துச் செய்தி நரம்பில் ஓடுவது, வலி என்பது அந்த மனிதர் அனுபவிப்பது. இரண்டு, ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும்.

இரண்டாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "வலி மூளையில் உருவாகிறது" என்று வகுப்பில் கேட்ட மாணவர், நோயாளியிடம் போய் "உங்க வலி மனசுலதான் இருக்கு" என்கிற தொனியில் பேசிவிடுகிறார். காலில் அடிபட்டு வரும் வலிக்கும் மூளை வேண்டும். பத்து வருட முதுகு வலிக்கும் மூளை வேண்டும். எல்லா வலிக்கும் வழி ஒன்றுதான் என்பதால், ஒன்றை நிஜ வலி என்றும் மற்றதைக் கற்பனை வலி என்றும் பிரிக்க அறிவியலில் இடமே இல்லை.

செய்தி போகும் பாதை

தோல், தசை, மூட்டு உறை, எலும்பின் மேலுறை ஆகியவற்றில் நோசிசெப்டர்கள் என்ற நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றின் சவ்வில் உள்ள புரத வாயில்கள் சூடு, அழுத்தம், அமிலம் போன்ற தூண்டல்களுக்குத் திறக்கின்றன. டி.ஆர்.பி.வி.1 என்ற வாயில் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டிலும், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினிலும் திறக்கும். மிளகாய் எரிவது போலத் தோன்றுவது இதனால்தான். டி.ஆர்.பி.எம்.8 குளிருக்கும் மென்தாலுக்கும் திறப்பது. இந்த ஆராய்ச்சிக்காக டேவிட் ஜூலியஸும், அழுத்த உணர்வின் வாயில்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டாபூட்டியனும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நீலகிரியில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் தைலம் யூகலிப்டஸ் இலையிலிருந்து காய்ச்சி எடுப்பது. அதன் முக்கியப் பொருளான சினியோல் அதே டி.ஆர்.பி.எம்.8 வாயிலைத் தொட்டுத்தான் குளிர்ச்சி தருகிறது. ஊட்டிக் கடைகளில் கிடைக்கும் விண்டர்கிரீன் எண்ணெயில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். அது ஆஸ்பிரினின் உறவுப் பொருள். "தைலம் தேய்ச்சா கொஞ்சம் தேவலாமுங்க" என்று நோயாளி சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். ஆனால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்லுங்கள். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடப் பை வைத்தால் தோல் வெந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் விண்டர்கிரீன் எண்ணெயை டாக்டரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது.

நோசிசெப்டரிலிருந்து செய்தி இரண்டு வகை இழைகளில் போகிறது. மெல்லிய மயலின் உறை கொண்ட ஏ-டெல்டா இழையில் வேகம் நொடிக்கு சுமார் 5 முதல் 30 மீட்டர். உறையில்லாத சி இழையில் 0.5 முதல் 2 மீட்டர். பாதத்திலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். தோட்டத்துப் பாதையில் கல் தட்டினால் "சுள்" என்ற முதல் வலி 0.2 நொடிக்குள் வந்துவிடும். பரவலான, கடுக்கும் இரண்டாம் வலி அரை நொடி முதல் 2 நொடி கழித்து வரும். கால் இடறிய யாருக்கும் இந்த இடைவெளி தெரியும்.

தண்டுவடத்தின் பின்கொம்பில்தான், அதாவது உணர்வு நரம்புகள் வந்து சேரும் பின்பக்கப் பகுதியில்தான், முதல் முடிவு எடுக்கப்படுகிறது. அங்கே செய்தி அப்படியே மேலே போவதில்லை. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதைத்தான் சொன்னது: தொடுதல் செய்தியைக் கொண்டுவரும் தடித்த ஏ-பீட்டா இழைகள் பின்கொம்பிலுள்ள தடுப்பு நரம்பணுக்களை இயக்கி, வலிச் செய்தி மேலே போவதைக் குறைக்கின்றன. அந்த வரைபடத்தின் சில இணைப்புகளைப் பிறகு வந்த ஆய்வுகள் திருத்தின. தண்டுவடத்தில் செய்தி கூடவும் குறையவும் செய்கிறது என்ற மையக் கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. அடிபட்ட இடத்தை நாமே தேய்த்துக்கொள்வதன் பொருள் அதுதான்.

தோல் வழியாக மின்துடிப்பு கொடுத்து வலியைக் குறைக்கும் டென்ஸ் கருவியின் அமைப்புகளும் இங்கிருந்தே வருகின்றன. ஏ-பீட்டா இழையைத் தூண்ட 80 முதல் 120 ஹெர்ட்ஸ், 50 முதல் 200 மைக்ரோ நொடித் துடிப்பு அகலம், நோயாளிக்கு வலுவாக ஆனால் சங்கடமில்லாமல் உணரும் அளவு மின்னோட்டம். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது மின்னோட்டத்தில்: "லேசா சுருசுருன்னு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். போதாது. சில நிமிடங்களில் உணர்வு மங்கும். மறுபடி ஏற்ற வேண்டும். கருவியை எடுத்த பிறகு பலன் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால், நோயாளியைப் படுக்கவைத்து 20 நிமிடம் ஓட்டுவதைவிட, டென்ஸ் ஓடும்போதே குனிய, எழ, நடக்கப் பழக்குவது மேல்.

மூளையிலிருந்தும் செய்தி கீழே வருகிறது. நடுமூளையின் பெரியாக்குவடக்டல் கிரே பகுதியும் முகுளத்தின் முன்பகுதியும் சேர்ந்து தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்புகின்றன. உடலே சுரக்கும் என்கெஃபலின் போன்ற, அபின் மாதிரி வலியடக்கும் ஓபியாய்டு பொருள்கள் இந்தப் பாதையில் வேலை செய்கின்றன. இந்தக் கட்டளை வலியைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். தூக்கமின்மை, பயம், "இது சரியாகவே ஆகாது" என்ற நினைப்பு எல்லாம் கூட்டும் பக்கம் தள்ளுகின்றன. உடற்பயிற்சி, நம்பிக்கை, நல்ல தூக்கம் ஆகியவை குறைக்கும் பக்கம். நீங்கள் சொல்லும் ஒரு சொல்லும் இந்தப் பாதையில்தான் இறங்குகிறது.

வலி ஏன் தங்கிவிடுகிறது?

திசு காயப்பட்டதும் அங்கே பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் சேர்கின்றன. நோசிசெப்டரின் தூண்டல் வரம்பு இறங்குகிறது. 43 டிகிரிக்குத் திறந்த வாயில் உடல் சூட்டுக்கே திறக்கத் தொடங்குகிறது. அதனால் வெயிலில் வெந்த தோலில் வெதுவெதுப்பான நீர் பட்டாலும் எரியும். இது புற உணர்திறன் பெருக்கம். இயற்கையானது, தேவையானது, காயம் ஆறியதும் பெரும்பாலும் தணிவது.

இதே மாற்றம் தண்டுவடத்திலும் நடக்கும் என்று 1983-ல் கிளிஃபோர்டு வுல்ஃப் காட்டினார். இதை மத்திய உணர்திறன் பெருக்கம் என்கிறோம். பின்கொம்பு நரம்பணுக்கள் சிறு தூண்டலுக்கும் பலமாக எதிர்வினை தருகின்றன. பக்கத்துப் பகுதிகளின் செய்தியையும் சேர்த்துக்கொள்கின்றன. விளைவு மூன்று வகையில் தெரியும். துணி உரசினாலும் வலி (அல்லோடினியா). சிறு குத்தலுக்குப் பெருவலி (ஹைப்பரால்ஜீசியா). முதலில் ஒரு பக்க இடுப்பில் இருந்தது இப்போது முதுகு முழுக்க, சில சமயம் தோள் வரை. "வலி நகருது" என்று நோயாளி சொல்லும்போது பொய் சொல்கிறார் என்று நினைப்பது பெரிய தவறு.

இதை நோயாளிக்கு விளக்க நியூரானும் சைனாப்ஸும் வேண்டாம். இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று போதும்: கரடி ஒருமுறை வந்துபோன லைன் வீட்டு நாய். அதற்குப் பிறகு இலை அசைந்தாலும் அது குரைக்கும். நாய் குரைப்பது நிஜம். வீட்டைக் காக்கத்தான் குரைக்கிறது. ஆனால் குரைக்கும் ஒவ்வொரு முறையும் வாசலில் கரடி நிற்பதில்லை. "உங்க முதுகுல அடிபட்டது ஆறிடுச்சுங்கக்கா, காவல் மட்டும் இன்னும் உஷாராவே இருக்குது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கப் போறோம்" என்று சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். சொன்ன பிறகு, "நான் சொன்னதை வீட்டுல உங்க மகளுக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையாம், எல்லாம் மனசுதானாம்" என்று வந்தால் விளக்கம் தவறிவிட்டது. அன்றே திருத்துங்கள்.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

மேலே சொன்னதை எல்லாம் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புதிதாகச் சிறுநீர் அடைப்பு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், இரு கால்களிலும் பலவீனம்: இவற்றில் எது இருந்தாலும் காடா ஈக்வைனா (தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவது) என்று சந்தேகித்து உடனே அனுப்ப வேண்டும். மலையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இறங்கப் பல மணி நேரம் ஆகலாம். மழை, மூடுபனி நாளில் இன்னும் அதிகம். "நாளைக்குப் பார்ப்போம்" என்பதற்கு இடமில்லை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, முள்ளெலும்பில் தட்டினால் வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல. புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிய முதுகு வலி, முதியவர் வழுக்கி விழுந்த பிறகு வரும் வலி, இரண்டும் டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். இந்தக் கேள்விகளை எல்லாம் கூச்சமில்லாமல், தனியிடத்தில் கேளுங்கள். கூட்டம் நிற்கும் வரிசையில் ஒரு பெண்ணிடம் சிறுநீர் பற்றிக் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும்.

எந்த வகை வலி?

ஆபத்து இல்லை என்றான பிறகு மூன்று வகைகளில் எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். நோயாளி தரும் சொற்களே பாதி வழி காட்டும்.

"குனிஞ்சா கடுக்குது, நிமிர்ந்தா தேவலை" என்றால் நோசிசெப்டிவ் வலியாக, அதாவது திசுவிலிருந்து வரும் வலியாக, இருக்க வாய்ப்பு அதிகம். இடம் தெளிவு, குறிப்பிட்ட அசைவில் கூடும், குறிப்பிட்ட அசைவில் குறையும். "காலுக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இறங்குது, எரியுது, மரத்துப்போகுது" என்றால் நரம்பு பாதித்த வலி. பஞ்சு, குண்டூசி, 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவை, தசை வலு, ரிஃப்ளெக்ஸ், நரம்பை இழுத்துப் பார்க்கும் நேர்கால் தூக்கல், ஸ்லம்ப் பரிசோதனைகள் எல்லாம் இங்கே வேண்டும். நரம்பு வலியைக் கண்டறிய உதவும் டி.என்.4 வினாநிரலில் 10-க்கு 4 அல்லது மேல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரு பாதங்களிலும் எரிச்சல் என்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள். மூன்றாவது, நோசிபிளாஸ்டிக்: திசுச் சேதமோ நரம்புப் பாதிப்போ தெளிவாக இல்லாமல், வலி உணரும் அமைப்பே மாறிப்போனதால் வருவது. இந்தப் பெயரைச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-ல் ஏற்றது. 3 மாதத்துக்கு மேல், பரவலான, அசைவோடு ஒழுங்காகப் பொருந்தாத வலி. தூக்கக் கேடு, களைப்பு, சத்தம், வெளிச்சம், குளிர் தாங்காமை.

இந்த மூன்றாவது பெயரை அவசரமாக ஒட்டிவிடுவது இன்றைய மாணவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது மட்டும் நோசிபிளாஸ்டிக் என்று சொல்லப் போதாது. ஒருவருக்கே இரண்டு வகைகள் சேர்ந்தும் வரும். மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கும் மத்திய உணர்திறன் பெருகியிருக்கலாம்.

முதுகு வலிக்காரர்களில் யாருக்கு எவ்வளவு கவனம் தேவை என்று பிரிக்க 9 கேள்விகள் கொண்ட ஸ்டார்ட் பேக் வினாநிரல் போதும். மொத்தம் 3 அல்லது குறைவு என்றால் ஆறுதலும் எளிய ஆலோசனையும். 4 அல்லது அதற்கு மேல் போய், பயம், கவலை சார்ந்த கடைசி 5 கேள்விகளில் மட்டுமே 4 அல்லது 5 வந்தால் அவருக்குப் பயிற்சியோடு பேச்சும் நேரமும் அதிகம் வேண்டும்.

சொல்லும் சுமையும்

"எலும்போட எலும்பு உரசுது", "ஜவ்வு விலகிடுச்சு", "இனிமே குனியவே கூடாது." மூன்றையும் விட்டுவிடுங்கள். குனியாமல் கொழுந்து பறிக்க முடியாது. கூலி பறித்த கிலோவைப் பொறுத்துக் கூடும். அந்த அறிவுரையால் அவர் வேலையை விடப்போவதில்லை, பயந்துகொண்டே வேலை செய்யப்போகிறார். பயந்தவர் முதுகைக் கல் மாதிரி இறுக்கிப் பிடித்துக் குனிவார்; தசை சீக்கிரம் களைத்து, வலி கூடும்; பயம் இன்னும் வளரும். "முதுகு உறுதியானதுதாங்க, வேலை செஞ்சு செஞ்சுதான் இன்னும் உறுதியாகும், எவ்வளவுல ஆரம்பிக்கிறதுன்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பழகுங்கள்.

எவ்வளவில் ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 0 முதல் 10 வரையிலான வலி எண், வேலை தொடங்கியபோது இருந்ததைவிட 2 புள்ளி ஏறும்வரை குனிந்து வேலை செய்ய முடிகிற நேரத்தை 3 நாள் குறிக்கச் சொல்லுங்கள். 22, 14, 18 நிமிடம் என்று வந்தால் சராசரி 18. அதில் 80 சதவீதம், ஏறக்குறைய 14 நிமிடம், தொடக்க அளவு. 14 நிமிடம் ஆனதும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2 நிமிடம் நிமிர்ந்து நடந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 3 நாளைக்கு ஒருமுறை 1 முதல் 2 நிமிடம் கூட்டலாம். வலியைப் பார்த்து நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதுதான் இதன் உயிர். நல்ல நாளில் விடாமல் ஓட்டி, மறுநாள் படுத்துவிடும் பழக்கத்தை இது உடைக்கிறது. மேற்பார்வையாளர் முன்னால் 2 நிமிடம் நிற்பது எளிதல்ல என்பது தெரியும். ஆகவே இலை எடை போடும் நேரம், டீ இடைவேளை, வரிசை மாறும் நேரம் ஆகியவற்றோடு இதைப் பொருத்திக் கொடுங்கள். கத்திரி பிடித்து வெட்டுபவருக்குத் தோளும் மணிக்கட்டும் களைக்கும் நேரத்தைத் தனியே குறிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சியும் மலைக்கு ஏற்றதாக இருக்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் 8 முறை வீதம் 3 சுற்று. 10 முதல் 15 செ.மீ. படியிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்குதல். இடுப்பிலிருந்து குனிந்து 2 கிலோவில் தொடங்கி, நிறைந்த பையில் அவர் வழக்கமாகச் சுமக்கும் எடையை நோக்கி வாராவாரம் ஏற்றுதல். சரிவில் இறங்கும்போது தொடை முன்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அதனால் புதிதாக இறங்கு பயிற்சி தொடங்கியவருக்கு அடுத்த 1 முதல் 3 நாள் தசை வலிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "பிசியோ பண்ணி வலி அதிகமாயிடுச்சு" என்று நின்றுவிடுவார். பயிற்சியின்போது 10-க்கு 3, 4 வரை வலி இருந்தால் பரவாயில்லை. மேலே சொன்ன தசை வலி தவிர மற்ற வலி 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அளவு அதிகம். வலி திடீரென்று ஏறிவிட்ட நாளில் படுத்துவிட வேண்டாம். 2 நாள் பாதி அளவில் செய்து, பிறகு பழைய அளவுக்கே திரும்பலாம்.

விளக்கம் மட்டும் கொடுத்து அனுப்பினால் வலியில் கிடைக்கும் மாற்றம் சிறியது. பயிற்சியோடு சேரும்போதுதான் பலன் கூடுகிறது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடவும் வேண்டாம். ஒரு சந்திப்புக்கு ஒரு கருத்து, அதை அன்றைய பயிற்சியோடு கட்டிச் சொன்னால் போதும்.

கேஸ் ஷீட்டில் வலி எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வகை வலி என்று சந்தேகிக்கிறீர்கள், எதனால், என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே நோயாளியே சொன்ன மூன்று வேலைகளை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லிக் குறியுங்கள். 0 என்றால் முடியவே இல்லை, 10 என்றால் முன்போலவே முடிகிறது. "கொழுந்து பறிப்பு 3, மேட்டுப் பாதையில் பையோடு ஏறுதல் 4, தண்ணீர்க் குடம் தூக்குதல் 5." 2 வாரம் கழித்து அதே மூன்றையும் கேளுங்கள். வலி எண்ணில் 2 புள்ளி அல்லது 30 சதவீதம் குறைந்தாலும், வேலைகளின் சராசரியில் 2 புள்ளி கூடினாலும் அது கணக்கில் கொள்ளத்தக்க முன்னேற்றம். 6 வாரமாகியும் இரண்டுமே அசையவில்லை என்றால் நோயாளி ஒழுங்காகச் செய்யவில்லை என்று எழுதும் முன், ஆபத்து அறிகுறிக் கேள்விகளிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.